வெள்ளித்திரையில் ஒரு நடுகல்

செய்ந்நன்றி அறிதலுக்கென்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், போர்வீரர்களைப் பற்றிப் பேசப் ‘படைச்செருக்கு’ என்று இன்னோர் அதிகாரமும் வகுத்தார். அதன் முதல் குறள் போர்க்களத்தில் வீழ்ந்து கல்லாக நிற்பவர்களைப் பற்றியது. கடைசிக் குறளோ, காத்த தலைவனின் கண்ணில் நீர் பெருகும்படி ஒரு சாவு வாய்க்குமானால், அதை இரந்தும் பெறலாம் என்கிறது. தொடக்கத்தில் கல், முடிவில் கண்ணீர். வீழ்ந்த வீரனுக்கு இருப்பவர் பட்ட கடனை இந்த இரண்டும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன.

இன்று நம் பிள்ளைகள் போர்வீரனை எங்கே சந்திக்கிறார்கள்? பெரும்பாலும் சினிமாக் கொட்டகையில். அல்லது வீட்டுத் தொலைக்காட்சியில். படம் முடிந்ததும் கைதட்டுகிறார்கள், சிலர் அழுகிறார்கள், ‘ஜெய்ஹிந்த்’ என்கிறார்கள். மறு வாரம் வேறு படம் வந்துவிடுகிறது. இந்த உணர்ச்சி நன்றியாக நிலைக்க என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தப் பாடத்தின் கேள்வி. தில்லியில் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், பெரிய பிள்ளைகளோடு இரண்டு வாரம் இதைப் பேசினேன். அதன் சுருக்கத்தைப் பெற்றோர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

நடுகல் சொல்லும் இலக்கணம்

வீழ்ந்தவனை மறவாதிருக்க நம் முன்னோர் கண்ட வழி நடுகல். தொல்காப்பியம் புறத்திணையியலில் அதற்கு ஆறு நிலைகளைச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதைக் கொண்டுவரத் தொடங்குவது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுதல். சிறப்புச் செய்து படையலிடுவது பெரும்படை. இறுதியில் வாழ்த்து. உரையாசிரியர்கள் சிற்சில வேறுபாடுகளோடு இவற்றை விளக்குவார்கள். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்ற பெயர்களிலேயே காதைகள் அமைந்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் வியப்படைவார்கள்.

இது ஏட்டில் மட்டும் இருந்த வழக்கம் அன்று. தேனி மாவட்டத்தில் புலிமான்கோம்பை என்ற ஊரில் 2006-ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்து பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று, மாடு கவரும் பூசலில் இறந்த ஒருவனின் பெயரைச் சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் ஏராளம்.

அந்த மாவட்டத்திலேயே எடுத்தனூரில் உள்ள ஒரு கல்லை நான் வகுப்பில் சிறப்பாகச் சொன்னேன். மகேந்திரவர்மன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்தான். அவனோடு இருந்த நாய் இரண்டு திருடர்களைக் கடித்து, அவ்விடத்தை விட்டு நீங்காமல் காத்து நின்றது. கல்லில் வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் அந்த நாயின் உருவமும் இருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்பதும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாயின் பெயரை நாம் இன்று சொல்ல முடிகிறதென்றால், அந்த ஊராரின் நன்றியுணர்ச்சி எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கற்களைக் கூர்ந்து பார்த்தால் மூன்று கடமைகள் தெரிகின்றன. ஒன்று, இறந்தவன் பெயரைச் சொல்வது. இரண்டு, நடந்ததை நடந்தபடி சொல்வது: யார் ஆட்சியில், எந்தப் பூசலில், எதைக் காக்கப் பட்டான் என்பதோடு வாசகம் முடிந்துவிடும், எதிரியை ஏசும் வழக்கம் அதில் பெரும்பாலும் இல்லை. மூன்று, அவன் குடும்பத்தைக் காப்பது. இறந்தவன் வீட்டாருக்கு நிலம் விட்ட செய்தி பல கற்களில் உண்டு. அந்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் பெயர். நெய்த்தோர் என்றால் குருதி.

பெயர், உண்மை, குடும்பம். போர்ப் படம் இந்தக் காலத்து நடுகல் என்று கொண்டால், இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்து அதைப் பார்க்கலாம்.

பெயர்: யாருடைய படம் எடுக்கப்படுகிறது?

1962-ஆம் ஆண்டுச் சீனப் போர் நமக்குத் தோல்வி. ஆயினும் சேத்தன் ஆனந்த் 1964-இல் அந்தப் போரை வைத்தே ‘ஹகீகத்’ என்ற இந்திப் படத்தை எடுத்தார். பின்வாங்கும் வீரர்களின் பசி, குளிர், களைப்பு எல்லாம் அதில் உண்டு. அதற்கு முன்பே 1963-இல் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த ‘இரத்தத் திலகம்’ அந்தப் போரைத் தமிழ் மக்களிடம் கொண்டு வந்தது. நடுகல் வென்றவனுக்கு மட்டும் நடப்படுவதில்லை, வீழ்ந்தவனுக்கு நடப்படுவது. தோல்வியிலும் வீரனை மறக்காத இந்தப் படங்கள் அந்த மரபில் சேர்பவை.

அதே போரில் 1962 நவம்பர் 18 அன்று லடாக்கில் ரெசாங் லா என்ற கணவாயில், மேஜர் சைத்தான் சிங்கின் தலைமையில் 13-ஆம் குமாவோன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி நின்றது. சுமார் 16,000 அடி உயரம். ஏறக்குறைய 120 பேரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த ஆண்டு பனி விலகத் தொடங்கியபோது தேடிச் சென்றவர்கள், பதுங்கு குழிகளில் ஆயுதங்களைப் பிடித்தபடியே உறைந்து கிடந்த உடல்களைக் கண்டார்கள். சைத்தான் சிங்குக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது. 2025 நவம்பரில் வெளிவந்த ‘120 பகதூர்’ இவர்களைப் பற்றியதே. தலைவனின் பெயரை மட்டும் தலைப்பாக்காமல் எல்லோரையும் சேர்த்து எண்ணும் அந்த 120, தலைப்பிலேயே செய்யும் மரியாதை.

எல்லோர் பெயரையும் சொல்வது சினிமாவுக்கு எளிதன்று. ஜே.பி. தத்தா 2003-இல் எடுத்த ‘எல்.ஓ.சி. கார்கில்’ நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. பல படைப்பிரிவுகளையும் பல வீரர்களையும் காட்ட முயன்றார். முகங்கள் மாறிக்கொண்டே இருந்ததால் பெயர்கள் பலருக்கும் மனத்தில் தங்கவில்லை. ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்ட ‘ஷேர்ஷா’ (2021) நின்றுவிட்டது. கேப்டன் விக்ரம் பத்ராவின் கதையான அதை இயக்கியவர் நம் தமிழர் விஷ்ணுவர்தன்.

வகுப்பில் விக்ரம் பத்ராவின் பெயரைச் சொன்னவுடன் எல்லாக் கைகளும் உயர்ந்தன. அடுத்து மேஜர் மாரியப்பன் சரவணன் என்றேன். ஒரு கைகூட உயரவில்லை. இருவரும் அதே 1999 கார்கில் போரில் இறந்தவர்கள். சரவணன் இராமேசுவரத்தில் பிறந்தவர், குடும்பம் திருச்சியில். பீகார் படைப்பிரிவின் முதலாம் பட்டாலியனில் இருந்தார். பட்டாலிக் பகுதியில் மே மாத இறுதியில் பகைவரின் அரணைத் தாக்கும்போது வீழ்ந்தார். சண்டை ஓயாததால் அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அவருக்கு வீர் சக்கரம் வழங்கப்பட்டது. திருச்சியில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் போகும் குடும்பங்கள் மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போகிற வழியில் அங்கேயும் ஐந்து நிமிடம் நிற்கலாம். படம் ஒரு பெயரை நமக்குத் தரும். மற்ற பெயர்களைத் தேடி அறிவது நம் வேலை.

உண்மை: உயிரோடு இருந்தவருக்கு ஒரு கல்

1997-இல் வந்த ‘பார்டர்’ படத்தைப் பார்க்காத குடும்பம் வட இந்தியாவில் குறைவு. 1971 டிசம்பர் 4 இரவு, ராஜஸ்தான் எல்லையில் லோங்கேவாலா என்ற காவல்நிலை. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் 23-ஆம் பஞ்சாப் படைப்பிரிவைச் சேர்ந்த சுமார் 120 பேர், நாற்பதுக்கும் மேற்பட்ட டாங்கிகளோடு வந்த பகைவரை விடியும் வரை தடுத்து நிறுத்தினார்கள். விடிந்ததும் ஜெய்சால்மரிலிருந்து வந்த விமானப்படையின் ஹண்டர் விமானங்கள் டாங்கிகளை அழித்தன. இவ்வளவும் வரலாறு.

படத்தில் முக்கியப் பாத்திரங்கள் ஒருவர் பின் ஒருவராக இறக்கிறார்கள். உண்மையில் அந்தக் காவல்நிலையில் நம் தரப்பில் உயிரிழந்தவர்கள் இருவர். சுனில் ஷெட்டி நடித்த பைரோன் சிங் பாத்திரம் டாங்கியை எதிர்த்து வீர மரணம் அடைவதாகக் காட்டினார்கள். நிஜமான பைரோன் சிங் ரத்தோர், எல்லைப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவர், அந்தச் சண்டையிலிருந்து உயிரோடு திரும்பினார். 1972-இல் சேனா பதக்கம் பெற்றார். ஓய்வு பெற்று ஜோத்பூர் மாவட்டத்தில் தம் கிராமத்தில் வாழ்ந்தார். 2022 டிசம்பரில்தான் காலமானார். திரையில் இறந்த பின்னும் 25 ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர்.

இதைச் சொன்னதும் ஒரு மாணவி கேட்டாள்: “சாகாதவரைச் சாகடித்தால்தான் நாம் அழுவோமா, சார்?” நல்ல கேள்வி. 120 பேர் இவ்வளவு பெரிய படையைத் தடுத்து, இருவரை மட்டுமே இழந்து மீண்டார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய திறமை! சாவைக் கூட்டிக் காட்டும்போது அந்தத் திறமை மறைந்துபோகிறது. தியாகம் என்றால் சாவு ஒன்றே என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்கிறார்கள். உயிரோடு திரும்பியவரின் ஊனமும் உறக்கமற்ற இரவுகளும் நன்றிக்கு உரியவை அல்லவா?

எங்கள் குடியிருப்பில் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். போர்ப் படங்களைப் பற்றி அவரிடம் கேட்டேன். “நல்லாத்தான் எடுக்காங்க சார். ஆனா படத்துல குண்டடிபட்டவன் ரெண்டு நிமிஷம் பேசிட்டுச் சாவான். நெசத்துல தண்ணிதான் கேப்பான். இல்லன்னா அம்மையைக் கூப்பிடுவான்” என்றார். சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டு, தம்மோடு இருந்து இறந்த மூன்று பேரின் பெயரையும் ஊரையும் சொன்னார். “இந்தப் பேருங்கள நீங்களும் ஒருக்கா சொல்லுங்க சார்” என்றார். நானும் சொன்னேன். அந்தப் பெரியவருக்குப் பின்னணி இசை எதுவும் தேவைப்படவில்லை.

படத்தில் கற்பனையே கூடாது என்பதன்று என் கருத்து. மூன்று மணி நேரத்தில் கதை சொல்பவருக்குச் சில சலுகைகள் உண்டு. பார்ப்பவர் வீட்டுக்கு வந்த பிறகு, எது நடந்தது, எது சேர்க்கப்பட்டது என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எதிரியைக் கேலிச்சித்திரமாக்கும் காட்சிகளையும் அப்போது பிரித்துப் பார்க்கலாம். எதிரி கோழை என்றால் அவனை எதிர்த்து நின்றவனின் வீரமும் சிறுத்துவிடும். இது நடுகல் செதுக்கிய ஊராருக்குத் தெரிந்திருந்தது.

குடும்பம்: இந்துவின் பக்கம்

2024 தீபாவளிக்கு வெளிவந்த ‘அமரன்’ படத்தை நம் குடும்பங்கள் பல இங்கேயே திரையரங்கில் பார்த்தன. ராஜ்குமார் பெரியசாமி இயக்கியது. சென்னையில் வளர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனாகச் சிவகார்த்திகேயனும், அவர் மனைவி இந்துவாகச் சாய் பல்லவியும் நடித்தார்கள். ராஜ்புத் படைப்பிரிவைச் சேர்ந்த முகுந்த், 44-ஆம் ராஷ்டிரிய ரைபிள்ஸில் பணியாற்றியபோது, 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடனான மோதலில் உயிர் நீத்தார். அவருக்கு வயது 31. அந்த மோதலிலேயே சிப்பாய் விக்ரம் சிங்கும் மாண்டார். படம் அவரையும் மறக்கவில்லை என்பதைப் பாராட்ட வேண்டும்.

இந்தப் படத்தின் தனிச் சிறப்பு, அதன் பெரும்பகுதி துப்பாக்கியைப் பற்றியதன்று என்பதே. காதல், பெற்றோரின் தயக்கம், திருமணம், பிரிவு, தொலைபேசிக்காகக் காத்திருப்பது, அப்பா எப்போது வருவார் என்று ஏங்கும் குழந்தை. போர்க்களம் ஓர் இடத்தில், அதன் சுமை இன்னோர் இடத்தில் என்பதைத் தமிழில் இவ்வளவு விரிவாகச் சொன்ன படங்கள் குறைவு. 2015 குடியரசு தின விழாவில், இதே தில்லியில், குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியிடமிருந்து இந்து அசோக சக்கரத்தைப் பெற்றுக்கொண்டதை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். கலங்காமல் நடந்து வந்த அந்த நடை பலருக்கும் நினைவிருக்கும்.

உதிரப்பட்டி கொடுத்த ஊராருக்கு ஒன்று தெரிந்திருந்தது: கல் நட்ட மறுநாளும் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். படம் நமக்கு அந்த வீட்டின் வாசலைக் காட்டுகிறது. உள்ளே சென்று என்ன வேண்டும் என்று கேட்பது படத்தால் ஆகாது. அது நம்மால் ஆவது.

படம் எடுக்கப்படாத பெயர்

தில்லியில் இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25 அன்று தேசியப் போர் நினைவகம் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் உயிர் நீத்த வீரர்களின் பெயர்கள் தனித்தனிக் கருங்கற்களில் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. திறந்தபோது இருந்த பெயர்கள் 25,942. இதுவும் நடுகல் மரபுதான் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது. பக்கத்திலேயே பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகளும் உண்டு. அவற்றில் ஒன்று மேஜர் ராமசாமி பரமேசுவரனுடையது.

அவர் நம்மைப் போல வெளியூர்த் தமிழர். 1946-இல் பம்பாயில் பிறந்து அங்கேயே வளர்ந்து படித்தவர். மகார் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்தார். 1987-இல் அமைதி காக்கும் படையோடு இலங்கை சென்றார். அவ்வாண்டு நவம்பர் 25 அன்று அவருடைய அணி பதுங்கித் தாக்கப்பட்டது. கைகலப்பில் மார்பில் குண்டு பாய்ந்த பிறகும், சுட்டவனிடமிருந்து துப்பாக்கியைப் பறித்து, இறுதிவரை தம் வீரர்களுக்கு ஆணையிட்டபடி உயிர் துறந்தார்.

அந்தப் போரைப் பற்றிப் பேசத் தமிழர் எல்லோருக்கும் தயக்கம் உண்டு. எதிரில் நின்றவர்களும் தமிழர்கள். அங்கே மாண்ட பொதுமக்களுக்கான வேதனை ஆறாத ஒன்று. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. படையை அனுப்பிய முடிவு சரியா, தவறா என்பதை வரலாறு விவாதிக்கட்டும். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அந்த மண்ணில் இறந்தார்கள். அனுப்பிய இடத்துக்குப் போனவர்கள் அவர்கள். வசதியான போர்களில் இறந்தவருக்கு மட்டும் நன்றி சொல்வோம் என்றால் அது நன்றியாகாது. நம் மாணவர்கள் அந்தச் சிலையின் முன் நின்றபோது ஒரு சிறுவன், “இவர் நம்மைப் போலவே வெளியூரில் தமிழ் பேசி வளர்ந்தவரா?” என்று கேட்டான். ஆம் என்றேன். அதன் பிறகு மற்றக் கற்களிலும் தமிழ்ப் பெயர்களைத் தேடத் தொடங்கினான். வேறு மொழிப் பெயர்களையும் சேர்த்தே வாசி என்றேன்.

வீட்டுப் பாடம்

இனி ஒரு போர்ப் படம் பார்த்தால், இரவு உணவின்போது பிள்ளைகளோடு இந்த ஐந்து கேள்விகளையும் பேசிப் பாருங்கள்.

1. படத்தில் இறந்தவர்களில் எத்தனை பேரின் பெயர் நினைவிருக்கிறது? அதிகாரிகள் எத்தனை பேர், சிப்பாய்கள் எத்தனை பேர்?

2. இது எந்த ஆண்டு, எந்த இடத்தில் நடந்தது? வரைபடத்தில் காட்ட முடியுமா?

3. படத்தில் சேர்க்கப்பட்ட கற்பனை எது? நடந்தது எது?

4. எதிரியை மனிதனாகக் காட்டினார்களா?

5. அந்த வீரனின் வீட்டில் மறுநாள் என்ன நடந்திருக்கும்?

அடுத்தது செயல். 1949 முதல் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7-ஆம் நாள் படைவீரர் கொடி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அன்று சேரும் நிதி, வீரர் குடும்பங்களுக்கும் ஊனமுற்ற வீரர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் உதவுகிறது. நம் இளமையில் பள்ளியில் காசு கொடுத்துச் சட்டையில் கொடி குத்திக்கொள்வோம். இன்று பல பிள்ளைகளுக்கு அந்த நாளே தெரியவில்லை. ஒரு குடும்பம் திரையரங்குக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை அந்த நிதிக்கு அனுப்பினால், கொஞ்சம் உதிரப்பட்டி நாமும் கொடுத்தவர்கள் ஆவோம்.

நம் தெருவிலும் குடியிருப்பிலும் முன்னாள் வீரர்கள், அவர்களுடைய மனைவியர் இருப்பார்கள். ஓய்வூதியப் படிவம் நிரப்பவும், மருத்துவமனைக்குத் துணையாக வரவும் ஆள் இல்லாதவர்கள் அவர்களில் உண்டு. ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு, உறவுகளைப் பிரிந்திருப்பது எத்தகையது என்று தெரியும். அந்தப் பிரிவைத் தொழிலாகவே ஏற்றவர்கள் அவர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய், அவர்கள் பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.